பிரவீனாவுக்கு எத்தனை கரண்டி

கிணத்துக்கடவு,
17-1-2025

சோமனூர் சம்பந்தியம்மா சுலோச்சனா அவர்களுக்கு,

மயிலாத்தாள் எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்க மனசு வரவில்லை, அதனால் கேட்கவில்லை. நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டீர்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கடிதம் என்றால் முழுதாகப் படித்துத்தானே ஆக வேண்டும்? அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கலன்று தலைப் பொங்கல் சீரை எடுத்துக்கொண்டு நானும் பிரவீனா அப்பாவும் உங்கள் வீட்டுக்கு வந்தோம். சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் இலையில் சர்க்கரைப் பொங்கல், வடை, பொரியல், பருப்பு, நெய் எல்லாம் இருந்தன. ஏழாவது மாதம் சுமக்கிற என் மகள் இலையில் என்ன இருந்தது? சின்னக் கப்பில் அளந்து நீங்கள் கவிழ்த்த ஒரு பிடி. பொடிப் பொடியாக, ஒவ்வொன்றிலும் ஒரு வால் சுருண்டுகொண்டு. கோழிக் குஞ்சுக்கு நான் போடுகிற குருணை அதைவிடப் பெரிதாக இருக்கும்.

"என்ன கண்ணு இது?" என்று கேட்டேன்.

"கினோவாம்மா" என்றாள்.

"சோறு எங்கே?" என்றேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "அவளுக்குச் சோறெல்லாம் அளவாத்தானுங்க. சுகர் இருக்குதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாங்க" என்றீர்கள்.

சுகர்! என் மகளுக்கு! பெற்றவள் அதை விருந்துக்கு வந்த ஒறம்பரைக்காரி மாதிரி இலைக்கு முன்னால் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

அந்த ஒரு பிடியைத் தின்று முடித்துவிட்டு அவள் உங்கள் முகத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கேட்கலாமா கூடாதா என்று பார்த்த பார்வை அது. நீங்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

நம் பக்கத்தில் கம்பு இல்லையா, சோளம் இல்லையா, சாமை இல்லையா? எந்தத் தேசத்திலோ விளைந்த விதையைப் பாக்கெட்டில் வாங்கிப் போட்டால்தான் கௌரவமா? மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிப்போட்டு வளர்த்த பிள்ளை அவள். "இன்னும் வேணும்" என்று கேட்க என் வீட்டில் அவள் யார் முகத்தையும் பார்த்ததில்லை.

உங்கள் மருமகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரி. அவளுக்கு வயிறாரப் போடுங்கள். முடியாதென்றால் சொல்லுங்கள், நாளைக்கே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

வயிறெரிகிற,
மயிலாத்தாள்

•

சோமனூர்,
22-1-2025

மரியாதைக்குரிய மயிலாத்தா அக்காவுக்கு,

சுலோச்சனா வணக்கம் சொல்லி எழுதுவது. உங்கள் கடிதத்தைத் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது படித்தேன். எட்டுத் தறியின் சத்தத்தையும் மீறிக் கேட்டது உங்கள் சத்தம்.

போனை வைத்தது தப்புதான். ஆனால் வைக்காமல் இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், பிறகு அள்ள முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி ஆறாம் தேதி ஆஸ்பத்திரியில் பிரவீனாவுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை கூடியிருந்தது. மாசமாக இருக்கும்போது சிலருக்கு வருவது, பெரும்பாலும் பிரசவத்தோடு போய்விடும் என்றார் டாக்டர். கவனிக்காமல் விட்டால் பிள்ளை உள்ளுக்குள்ளேயே அளவுக்கு மீறிப் பெருத்துவிடும், பிரசவம் சிக்கலாகும், பிறந்த கையோடு பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கிவிடும் என்றும் சொன்னார். டயட்டீசியன் அம்மா ஒரு வேளைக்கு இவ்வளவு என்று ஒரு கப்பைக் காட்டினார். அந்தக் கப்தான் நீங்கள் பார்த்தது. நான் கண்டுபிடித்தது இல்லை.

கம்பு இல்லையா, சாமை இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கின்றன. கம்பங்கூழ் குடித்தால் அவளுக்கு நெஞ்சு கரித்தது. சாமைச் சோறு இரண்டு நாளும் வாந்தியில் போனது. பாவம், சாப்பிடவே பயந்தாள். அவளோடு ஆபீசில் வேலை பார்க்கிற நந்திதா டிபன் பாக்ஸில் கினோவா கொண்டுவருவாளாம். அதை ஒருநாள் தின்று பார்த்துவிட்டு, "இது எனக்குப் புடிச்சிருக்குதுங்க அத்தை" என்று அவளாகத்தான் கேட்டாள். டயட்டீசியன் தாராளமாகக் கொடுங்கள் என்றார். இது மருந்து இல்லை, இதிலும் மாவுச்சத்து உண்டு, அதனால் இதற்கும் அளவு உண்டு. ஆனால் நாரும் பருப்பில் இருக்கிற மாதிரி சத்தும் இருப்பதால் வயிறு சீக்கிரம் பசிக்காது என்றார்.

முதல் நாள் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே வேகவைத்தேன். சோப்பைக் கடித்த மாதிரி கசந்தது. பிரவீனா விழுந்து விழுந்து சிரித்தாள். நந்திதாவுக்குப் போன் போட்டால், "நுரை நிக்கற வரைக்கும் கழுவோணுங்க ஆன்ட்டி" என்கிறாள். பிறகு கற்றுக்கொண்டேன். நன்றாகக் கழுவி வடிகட்டி, வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து, ஒரு கப்புக்கு ஒன்றே முக்கால் கப் தண்ணீர் விட்டு, மூடி போட்டுச் சின்னத் தீயில் கால் மணி நேரம். அந்த வால் பிரிந்து வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, வறுத்த நிலக்கடலை போட்டுக் கிளறினால் வாசனையே தனி. நானும் மதியம் அதைத்தான் சாப்பிடுகிறேன். இவர்கூட இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது என் பங்குக்கு. அன்றைக்குத் தறிக்காரர்கள் ஐந்து பேர் நின்றுகொண்டிருக்கும்போது, "பொறந்த ஊட்டுக்கு வந்துரு கண்ணு, நா வயிறு நெறையச் சோறு போடறேன்" என்று என் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னீர்கள். மறுநாள் அதில் ஒருத்தர் என்னைப் பார்த்து, "பாவமுங்க அந்தப் புள்ளை" என்றார். இருபத்தேழு வருஷமாக இந்த ஊரில் ஒருத்தரும் என்னைக் குறை சொன்னதில்லை.

வருத்தத்துடன்,
சுலோச்சனா

•

கிணத்துக்கடவு,
3-2-2025

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சமையல் குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது சமையல் குறிப்பு அல்ல.

ஆறாம் தேதி டெஸ்ட் எடுத்ததை நான் பதினைந்தாம் தேதி தெரிந்துகொண்டேன். அதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரி பதில் இல்லை. டாக்டர் சொன்னார், டயட்டீசியன் சொன்னார், நந்திதா சொன்னாள். எல்லோரையும் கேட்டீர்கள். அவளைப் பெற்றவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது ஞாபகம் வரவில்லை.

எங்கள் வம்சத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. என் பெண்ணுக்கு இது உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. மனசு நிம்மதியாக இருக்கிற பெண்ணுக்கு எதற்கு வியாதி வருகிறது என்று இங்கே நாலு பேர் கேட்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

மாசி இருபத்தைந்து, மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோத்து விருந்து. நாள் பார்த்தாகிவிட்டது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு, கல்கண்டுச் சோறு, அரிசிம்பருப்பு என்று ஏழு வகை கட்டிக்கொண்டு வருவேன். என் கையால் ஊட்டுவேன். உங்கள் கப்பை அன்றைக்கு அடுப்படியிலேயே வைத்துவிடுங்கள். விருந்து முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புவேன். பிரசவம் வரைக்கும் அவள் என் பொறுப்பு.

மயிலாத்தாள்

•

சோமனூர்,
20-3-2025

மயிலாத்தாளுக்கு,

இந்தத் தடவை மரியாதைச் சொல் எதுவும் என் பேனாவில் வரவில்லை.

விருந்தன்று வாயைத் திறந்தேனா? ஏழு வகைச் சோற்றையும் நீங்கள் ஊட்ட ஊட்ட, சபையில் சிரித்தபடி நின்றேன். ஒரு நாள்தானே என்று பொறுத்தேன். போகும்போது பிரவீனா பையில் நாலு பாக்கெட் கினோவா, சுகர் பார்க்கிற மெஷின், எந்த வேளைக்கு என்ன என்று எழுதின காகிதம் மூன்றையும் நானே எடுத்து வைத்தேன். உங்கள் கையைப் பிடித்து, "பாத்துக்குங்க அக்கா, எட்டு மாசம் முடியப் போகுது" என்றேன். தலையை ஆட்டினீர்கள்.

சனிக்கிழமை என் மகன் தனபால் அவளைப் பார்க்க வந்தான். உங்கள் வாசலில் கோழிகள் எதைக் கொத்திக்கொண்டிருந்தன என்று பார்த்தான். நாலு பாக்கெட்டும் அங்கேதான் கிடந்தன. மெஷினைக் கேட்டிருக்கிறான். "காங்கலைங்க மாப்பிள்ளை" என்றீர்களாம். பிரவீனா அழுதுகொண்டே பீரோவைக் காட்டியிருக்கிறாள். பூட்டி வைத்திருந்தீர்கள். சாவி உங்கள் இடுப்பில்!

மெஷினை எடுத்துச் சர்க்கரை பார்த்தபோது இருநூற்றுப் பன்னிரண்டு. அங்கேயிருந்து நேராக ஆஸ்பத்திரி. ஸ்கேனில் பிள்ளை இருக்க வேண்டிய எடையைத் தாண்டிவிட்டது, பனிக்குடத்துத் தண்ணீரும் கூடியிருக்கிறது. இரண்டு நாள் படுக்கையில் போட்டு இன்சுலின் ஆரம்பித்தார்கள். தினமும் வயிற்றில் ஊசி. இரண்டு மாதம் அளந்து அளந்து, ஒரு ஊசியும் இல்லாமல் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தேன். ஒரு வாரத்தில் கெடுத்துவிட்டீர்கள்.

என்னைக் கொடுமைக்காரி என்று நினைத்தீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரிடம் சொன்னீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் என் மீதிருக்கிற கோபத்துக்கு அந்தப் பிள்ளையை ஏன் பலி கேட்டீர்கள்? ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் எதிர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வார்த்தை, "தெரியாமச் செஞ்சுபோட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று பார்த்தேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிரவீனா, "அம்மாகூடவே இருக்கறேனுங்க அத்தை, விட்டுட்டு வந்தா அவங்க ஒடஞ்சு போயிருவாங்க" என்கிறாள். அதனால் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். இன்னொரு தடவை அந்த மெஷின் பூட்டுக்குள் போனது என்று கேள்விப்பட்டால் போலீசோடு வருவேன். இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை.

சுலோச்சனா

•

கிணத்துக்கடவு,
24-3-2025

சுலோச்சனாவுக்கு,

போலீசோடு வாருங்கள். நான் செய்ததற்கு அது போதாது என்று எனக்கே தெரியும். ஆனால் நான் ஏன் செய்தேன் என்று தெரியாமல் திட்டாதீர்கள். தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

பிரவீனா எனக்கு மூத்தவள் இல்லை. அவளுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். இது அவளுக்குக்கூடத் தெரியாது.

அப்போது எனக்கு இருபது வயசு. என் மாமியாருக்கு ஒரு நினைப்பு. மாசமாக இருக்கிறவள் நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பெற்றெடுக்க முடியாமல் தாய் செத்துப்போவாள் என்று. கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களோடு பிறந்த ஒருத்தி அப்படித்தான் போனாளாம். அதனால் எனக்கு ஒரு வேளைக்கு ஒரு கரண்டி. அவர்கள் கையாலேயே போடுவார்கள். போட்டுவிட்டுப் பானையைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். "போதும், போ" என்பார்கள். வேறு காய் கிடையாது, முட்டை கிடையாது. மாட்டுக்கு ஊற்றுகிற கழனித் தண்ணீரில் அடியில் தங்கின பருக்கைகளை நான் தின்றிருக்கிறேன் சுலோச்சனா. இவர் ஒருநாள் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தோப்புக்குப் போய்விட்டார்.

எட்டாவது மாதமே வலி வந்துவிட்டது. பிள்ளை ஒன்றே கால் கிலோ. என் உள்ளங்கை அகலம் முதுகு. பாலை உறிஞ்சக்கூட அதற்குச் சக்தி இல்லை. பதினோரு நாள் இருந்தான்.

பிரவீனாவைச் சுமந்தபோது நான் என் அம்மா வீட்டை விட்டு அசையவில்லை.

இப்போது சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் மகள் வயிற்றில் பிள்ளை. மாமியார் கையில் ஒரு கப். ஒரு தடவை கவிழ்த்துவிட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போகிறீர்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். எனக்குக் கினோவாவா தெரிந்திருக்கும்? டாக்டரா தெரிந்திருப்பார்? எனக்கு என் மாமியார்தான் தெரிந்தார்கள். அந்த மெஷினும் அப்படித்தான். அவள் விரலைக் குத்தி ரத்தம் எடுத்து, "இவளுக்குப் போடாதே" என்று சொல்லுகிற ஒரு சாமான். பூட்டி வைத்தேன்.

தப்பு செய்தேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் பிரவீனாவிடம் கேட்பேன். உங்கள் மீது எனக்கு இன்னும் ஆத்திரம் இருக்கிறது. ஜனவரியிலேயே ஒரு போன் செய்து, "அக்கா, இப்படி ஆயிப்போச்சு, நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று கூப்பிட்டிருந்தால், டாக்டர் வாயால் நானே கேட்டிருப்பேன். கூப்பிடவில்லை. வேலைக்காரிக்கு எழுதித் தருகிற மாதிரி ஒரு காகிதத்தைப் பையில் போட்டுக் கொடுத்தீர்கள். பெற்றவளுக்கு அது மரியாதையா?

மெஷின் இப்போது அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்கிறது. ஊசியை நானே போடக் கற்றுக்கொண்டேன். போடும்போது அவளைவிட நான்தான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

மயிலாத்தாள்

•

சோமனூர்,
28-3-2025

மயிலாத்தா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

மெஷினைப் பூட்டினதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. பொய் எழுத எனக்கு வராது. ஆனால் உங்கள் மாமியாரை நினைத்தால் வருகிற கோபத்துக்கு முன்னால் அது சின்னதாகத் தெரிகிறது. ஒரு பானைச் சோற்றை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் கழனித் தண்ணீருக்கு அனுப்பினார்களா? அதைப் பார்த்துவிட்டு ஒரு ஆம்பளை தோப்புக்குப் போனாரா?

ஜனவரியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். போன கடிதத்திலேயே பதில் எழுதியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, எழுதவில்லை. "உங்க ஊட்டுக்கு வந்துதான் எம்புள்ளைக்கு சுகர் வந்துச்சு" என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன். பொங்கல் கழியட்டும், சாப்பாட்டில் சரியாகிவிட்டது என்ற செய்தியோடு சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நல்ல மாமியார் என்ற பெயருக்கு ஆசைப்பட்டு உங்களை ஒதுக்கினேன். தப்பு என்னுடையது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். பொய் என்று நினைத்தேன். நேற்று போனில் அவளையே கேட்டேன். "சில நாள் பசிச்சுதுங்க அத்தை. கேக்கக் கூச்சமா இருந்துச்சு" என்றாள். இரண்டு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள். எனக்குத் தெரியவில்லை அக்கா. அளவு சரியாக இருக்கிறதா என்று கப்பைப் பார்த்தேனே தவிர, அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் ஒன்று, செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு டயட்டீசியனிடம் முறை வாங்கியிருக்கிறேன். நீங்களும் பிரவீனாவும் உள்ளே போங்கள். மனசில் இருக்கிறதையெல்லாம் கேளுங்கள். நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன்.

சுலோச்சனா

•

கிணத்துக்கடவு,
4-4-2025

சுலோச்சனாவுக்கு,

செவ்வாய்க்கிழமை உங்களைப் பார்த்ததும் பேச வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாய் வரவில்லை. நீங்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டினீர்கள், வாங்கிக் குடித்தேன். அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

உள்ளே அந்த டயட்டீசியன் பெண்ணிடம் நான் முதலில் கேட்டது, "சோறே ஆகாதுங்களா அம்மணி?" என்றுதான். அவள் சிரித்துக்கொண்டே, "யாருங்க அப்படிச் சொன்னது? ஒரு கப் சோறும் சாப்பிடலாம், இல்லைன்னா ஒரு கப் கினோவா. ரெண்டுல ஒண்ணு. ஆனா காய், கீரை, முட்டை, சுண்டல், மோர் இதெல்லாம் வயிறு நிறைய. அவங்க பசியோட எந்திரிக்கவே கூடாது" என்கிறாள். பசியோடு எழுந்திருக்கவே கூடாதாம்! இதை மட்டும் நீங்கள் உங்கள் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் மூன்று மாதம் நாம் இப்படி அடித்துக்கொண்டிருப்போமா? எனக்கு அந்த இடத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் மேலா, என் மேலா என்று தெரியவில்லை.

புதன்கிழமை நானே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். நீங்கள் செய்கிற மாதிரி செய்யவில்லை. அரிசிம்பருப்புச் சோறு மாதிரியே செய்தேன். துவரம்பருப்பை ஊறவைத்து, கினோவாவை ஐந்து தண்ணீரில் கழுவி, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், வரமிளகாய் தாளித்துக் கொட்டினேன். உங்கள் ஒன்றே முக்கால் கப் தண்ணீர் இதற்குக் காணாது, பருப்பு முறைத்துக்கொண்டு நிற்கும். மூன்று கப் வேண்டும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டேன். எனக்கே நாக்கு ஊறியது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அவரைக்காய்ப் பொரியல், ஒரு முட்டை, கப்பில் அளந்த கினோவா. பிரவீனா ரசித்துச் சாப்பிட்டாள். விரலை நக்கிவிட்டு, "இன்னொரு கரண்டி வெய்யும்மா" என்றாள்.

என் கை தானாகப் பானைக்குள் போய்விட்டது. கரண்டி நிறைய அள்ளியும்விட்டேன். அள்ளினதைத் திரும்பப் பானையில் போட்டுவிட்டு, "போதுங் கண்ணு" என்றேன். என் வாயில் இருந்து அந்த வார்த்தை! பொரியலை இன்னும் இரண்டு கரண்டி வைத்து, ஒரு டம்ளர் மோரும் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய்விட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"ஏம்மா அழுவறே? எனக்கு வயிறு நெறைஞ்சுபோச்சும்மா, நெசமா."

அப்போது சொல்லிவிட்டேன். அண்ணன் ஒருத்தன் இருந்தான் என்று, எல்லாவற்றையும். பிறகு அவளுக்கு வந்ததே ஒரு கோபம்! என் மகள் இப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. "இத்தனை வருசம் ஏன் சொல்லல? அந்த ஆத்தா படத்துக்கு என்னை வெச்சே தெனமும் பூப் போடச் சொன்னியேம்மா! கழட்டி வெளிய போடு அதை" என்றாள். அவள் அப்பா முன்னறையில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து வெளியே போகப் பார்த்தார். "அப்பா, இப்பவும் தோப்புக்குத்தான் போறீங்களா?" என்று கேட்டாள். நின்றுவிட்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என் முன்னால் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும்போது வரட்டும்.

என் மாமியார் படத்தை நான் கழற்றவில்லை. ஆனால் அன்றைக்கு யாரும் பூப் போடவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்தோம். நூற்றுப் பதினான்கு. உங்களுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மயிலாத்தாள்

•

சோமனூர்,
21-4-2025

அன்புள்ள மயிலாத்தா அக்காவுக்கு,

பேத்தியும் பிரவீனாவும் உங்கள் வீட்டில் சுகமாக இருக்கிறார்கள் என்று தனபால் சொன்னான். மூன்று கிலோ நானூறு கிராம். பிறந்தபோது சர்க்கரை இறங்கி ஒரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தவள், இப்போது தூளியை உதைக்கிறாளாம்.

உங்களிடம் ஒன்று சொல்லாமல் வந்துவிட்டேன். பிரசவத்துக்கு மறுநாள் நான் காப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, பிள்ளையைப் பார்க்க வந்த உங்கள் பொள்ளாச்சி ஒறம்பரை அம்மா பேசிக்கொண்டிருந்தார்கள். "மாமியாக்காரி சோத்தை அளந்து போட்டாளாமா? அதாங்காட்டிப் புள்ளையப் பொட்டியில வெச்சிருக்கறாங்க" என்றார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"அந்தம்மா அளந்து போட்ட வரைக்கும் எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவுலீங்க. அளவில்லாமப் போட்டுக் கெடுத்தவ நானு. தப்பு எம்மேல. எங்க சம்பந்தியம்மாளைப் பத்தி இன்னொரு பேச்சுப் பேசுனீங்கன்னா, வந்த வழியே போயிருங்க, சொல்லிப்போட்டேன்!"

வராந்தா முழுக்கக் கேட்டது. நர்ஸ் ஓடிவந்து, "மெதுவாப் பேசுங்கம்மா" என்றாள். அவளையும் ஒரு அதட்டு அதட்டினீர்கள். நான் காப்பியை ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கிக் கீழே போய் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே வந்து உங்கள் கையைப் பிடித்திருக்க வேண்டும். வராதது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிரவீனாவுக்கு மறுபடி சுகர் டெஸ்ட் மே இருபத்திரண்டு, வியாழக்கிழமை. இந்தத் தடவை நீங்களே உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். கூட வரட்டுமா என்று நான் கேட்க மாட்டேன், நானும் வருவேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு அங்கே வருகிறேன். எனக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம். நீங்கள் எல்லோரும் சாப்பிடுவதையே எனக்கும் உங்கள் கையால் போடுங்கள். உப்புக் குறைந்தால் சொல்லுவேன். கோபம் வந்தால் அங்கேயே திட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
சுலோச்சனா